எட்டு கிலோ லக்கேஜ்

மயிலாப்பூரிலோ, மாம்பலத்திலோ, அடையாறிலோ, பெண்ணோ பிள்ளையோ அமெரிக்காவில் இருக்கிற ஏதாவது ஒரு வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். பெட்டியைக் கொக்கியில் மாட்டி எடை பார்க்கிற சின்னத் தராசு ஒன்று நிச்சயம் இருக்கும். புறப்படுகிற நாளுக்கு நாலு நாள் முன்னாலேயே ஹாலில் சூட்கேஸ்கள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். ஒரு பெட்டிக்கு 23 கிலோ. அப்பளம் மேலே, புளிக்காய்ச்சல் நடுவில், வடுமாங்காய் மூன்று பிளாஸ்டிக் கவருக்குள். தராசு 23.4 என்று காட்டினால் குடும்பமே கூடி மாநாடு போட்டு, ஒரு பாக்கெட் சாம்பார்ப் பொடியை வெளியே எடுக்கும். நாம் கிராம் சுத்தமாகத் திட்டமிடுகிற ஒரே விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அதே ஹாலில், லக்கேஜ் டேகை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு இன்னொரு பயணியும் தவழ்ந்துகொண்டிருப்பார். வயது பத்து மாதம். எடை எட்டு கிலோ சொச்சம். அவருக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள்.

''அவனுக்கு என்ன? அம்மா மடியில உட்கார்ந்துண்டு போயிடுவான்.''

இந்த வாரம் எனக்குச் சண்டை அந்தப் பதிலோடுதான்.

ஊரைத் திட்டுவதற்கு முன்னால் என் வீட்டு அழுக்கைச் சொல்லிவிடுகிறேன். 2024 டிசம்பர். பேரனுக்கு ஆயுஷ்ஹோமம். ''மார்கழியில வெச்சுக்கலாம். எல்லாரும் ஊர்ல இருப்பா. காலையில ஹோமம், சாயங்காலம் கச்சேரி'' என்று தேதி குறித்தவன் நான். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. ஹோமத்துக்கு இரண்டு நாள் முன்னால்தான் அவரால் வர முடியும். ''அதனால என்ன, நீ முன்னாடியே வந்துடேன்'' என்று மகளிடம் சொன்னவனும் நான்தான்.

சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் நேர் விமானம் கிடையாது. சான்ஃப்ரான்சிஸ்கோவிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் பதினோரு மணி நேரம். அங்கே ஐந்து மணி நேரம் காத்திருப்பு. அப்புறம் சென்னைக்கு இன்னொரு ஒன்பதரை மணி நேரம். வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை கணக்குப் போட்டால் முப்பது மணி நேரத்தைத் தொடுகிறது. ஏர்போர்ட்டில் அவளைப் பார்த்ததும், ''ஏம்மா இப்படி வாடிப் போயிட்டே?'' என்று கேட்டேன். பதிலுக்குக் காத்திராமல், ''நாளைக்கே தி.நகர் போய்ப் புடவை எடுத்துடணும்'' என்றும் சொன்னேன்.

அவள் பதில் நாலு நாள் கழித்து, என் மனைவி மூலமாக வந்தது. முதல் பதினோரு மணி நேரத்தில் அவள் ஒரே ஒரு தடவைதான் டாய்லெட் போனாளாம். குழந்தையை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவது? அதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாளாம். தாய்ப்பால் கொடுக்கிற பெண்.

முன் சுவரில் மாட்டுகிற குட்டித் தொட்டில் ஒன்று உண்டு. பாசினெட் என்கிறார்கள். ஒரு விமானத்தில் ஒரு சில இடங்களில்தான் அதை மாட்ட முடியும். டிக்கெட் போடும்போதே கேட்டு வாங்க வேண்டும். பத்து, பதினோரு கிலோ வரைக்கும்தான் என்று கம்பெனிக்குக் கம்பெனி வரம்பு வேறு. என் மகளுக்குக் கிடைக்கவில்லை. டிசம்பர் கூட்டம். கடைசி நேர டிக்கெட். தேதி குறித்த எனக்கோ அப்படி ஒரு வஸ்து இருப்பதே தெரியாது.

இது முதல் குற்றம். இரண்டாவதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

அவள் திரும்பிப் போகிற அன்று, தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் ஒரு சளி மருந்து வாங்கி வந்து நீட்டினேன். ''ஏறினதும் அரை ஸ்பூன் குடுத்துடு. டப்புனு தூங்கிடும். உனக்கும் நிம்மதி, அக்கம்பக்கத்துக்கும் நிம்மதி.'' சீட்டு கேட்காமல் கடைக்காரர் கொடுத்தார். யோசிக்காமல் நான் வாங்கினேன். மகள் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள்.

''அப்பா, நீ இதைப் படிச்சியா?''

பொடி எழுத்தில் போட்டிருந்தது, நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று. பேரனுக்கு வயது ஒன்று.

நான் ஒன்றும் தனி ஆள் இல்லை. இந்த 'அரை ஸ்பூன்' யோசனையை உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். அல்லது நீங்கள் சொல்லியிருப்பீர்கள். ஆகவே விஷயத்தைத் தெளிவாகத் தெரிந்துகொள்வோம். சளி, இருமல் மருந்துகளை இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2008-லேயே சொல்லிவிட்டது. குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த மருந்தில் நான்கு வயது எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்று நம்முடைய மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவு போட்டது. மகள் படித்துக் காட்டிய வரி அங்கிருந்து வந்ததுதான்.

அப்புறம் 2025 அக்டோபர். நம் பக்கத்துக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்து. அதில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு 48.6 சதவிகிதம் இருந்ததாகத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனை சொன்னது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் அதைக் குடித்த குழந்தைகளில் இறந்தவர்கள் இருபதுக்கும் மேல். அதே மாதம் மத்திய சுகாதார அமைச்சகமும், இரண்டு வயதுக்குக் கீழே சளி, இருமல் மருந்து எழுதவும் கூடாது, கொடுக்கவும் கூடாது என்று மாநிலங்களுக்குச் சொன்னது.

''அது நச்சு கலந்த விவகாரம் சார், தூக்கத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?'' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே இருமுகிற குழந்தைக்கு டாக்டர்களை நம்பிக் கொடுத்தார்கள். நாமோ இருமலே இல்லாத குழந்தைக்கு, பக்கத்து சீட்டுக்காரருக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது என்பதற்காகக் கொடுக்கிறோம். எது மோசம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடி உயர மலையில் இருக்கிற மாதிரி. கிட்டத்தட்ட ஊட்டி. ஆரோக்கியமான குழந்தைக்கு அது பிரச்னை இல்லை. அதன் மேல் மூச்சை மந்தமாக்கக் கூடிய மருந்தை ஊற்றி, பக்கத்தில் களைத்துப்போய்க் கண்ணயர்ந்த அம்மாவையும் உட்கார வைப்பது பிரச்னை. சில குழந்தைகளுக்கு இந்த மருந்து நேர்மாறாக வேலை செய்யும். தூங்குவதற்குப் பதில் பத்து மணி நேரம் பரபரவென்று படுத்தி எடுக்கும்.

குழந்தை அழுவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று காது. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது நமக்குக் காது அடைக்கிறது. எச்சில் விழுங்குகிறோம், திறந்துகொள்கிறது. விமானம் அந்த மலையை அரை மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. எச்சில் விழுங்கு என்று குழந்தையிடம் சொல்ல முடியாது. பால் கொடுத்தால் தானாக விழுங்கும். ஆக, இறங்குகிற நேரத்தில் குழந்தை விழித்திருந்து பால் குடிப்பதுதான் வைத்தியம். நாமோ மருந்து கொடுத்துத் தூங்கப் போடுகிறோம். பாலைக் கையில் கொண்டுபோக விடமாட்டார்கள் என்றும் பயப்பட வேண்டாம். 2006-லிருந்து வந்த 100 மில்லி கட்டுப்பாட்டில், பயணத்துக்குத் தேவையான குழந்தைப் பாலுக்கும் உணவுக்கும் விலக்கு இருக்கிறது.

சரி, மடி விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு வயது முடியும் வரை குழந்தைக்குத் தனி சீட் வாங்க வேண்டாம். வெளிநாட்டு விமானங்களில் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் 10 சதவிகிதம் கொடுத்தால் மடியில் வைத்துக்கொள்ளலாம். சிக்கனமான ஏற்பாடு. காற்று அமைதியாக இருக்கிற வரைக்கும்.

1989 ஜூலை 19. டென்வரிலிருந்து சிகாகோ போன யுனைடெட் 232 விமானத்தின் வால் பக்க எஞ்சின் வெடித்தது. அதில் இருந்த 296 பேரில் நாலு பேர் மடிக் குழந்தைகள். அன்றைய விதிப்படி, குழந்தைகளைக் காலடியில் தரையில் வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் தலைமைப் பணிப்பெண் ஜேன் பிரவுன். சூ சிட்டியில் விமானம் நொறுங்கி விழுந்தது. 112 பேர் இறந்தார்கள். அதில் ஒருவன் தரையில் வைக்கப்பட்ட ஒரு பையன். உயிர் பிழைத்த ஜேன் பிரவுன், ஒவ்வொரு குழந்தைக்கும் சீட்டும் பெல்ட்டும் வேண்டும் என்று பல ஆண்டுகள் விடாமல் போராடினார். அமெரிக்க விபத்து விசாரணை வாரியமும் அதையே வலியுறுத்தியது.

அமெரிக்க விமானத் துறை இன்று வரை கட்டாயமாக்கவில்லை. அது சொல்கிற காரணம் சுவாரஸ்யமானது. சீட் வாங்கியே ஆகவேண்டும் என்றால், செலவுக்குப் பயந்து குடும்பங்கள் காரில் போகும். சாலை ஆகாயத்தைவிட ஆபத்து. ஆகவே இன்னும் அதிகக் குழந்தைகள் சாவார்கள்.

டென்வருக்கும் சிகாகோவுக்கும் இந்த வாதம் சரியாக இருக்கலாம். அடையாறிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு யார் காரில் போகப் போகிறார்கள்? நமக்குப் பொருந்தாத ஒரு காரணத்தை வைத்து நம் குழந்தைகளை மடியில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

விபத்து அபூர்வம்தான். பீதி கிளப்புவது என் நோக்கம் இல்லை. ஆனால் 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன விமானம் நடுவானில் குலுங்கியதில் ஒருவர் இறந்தார், பல பேர் காயம் பட்டார்கள். அந்த மாதிரி நேரத்தில் எட்டு கிலோவைக் கையால் பிடித்து நிறுத்த பீமனாலும் முடியாது. முடிந்தவர்கள் சீட் வாங்குங்கள். விமானத்துக்கு ஏற்றதென்று அங்கீகாரம் பெற்ற குழந்தை இருக்கையில் கட்டி உட்கார வையுங்கள். 'அவ்வளவு பணமா?' என்கிறவர்கள், ஹோமத்துக்கு மண்டபம், சாப்பாடு, வீடியோ, ரிட்டர்ன் கிஃப்ட் என்று போட்ட பட்டியலைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கவும். நானும் பார்த்தேன். பேசாமல் மூடி வைத்துவிட்டேன்.

பக்கத்து சீட்காரர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. 2019-ல் சியோலிலிருந்து சான்ஃப்ரான்சிஸ்கோ போன விமானத்தில் ஒரு அம்மா, நாலு மாதக் குழந்தை அழுதால் மன்னிக்கும்படி கேட்டு, இருநூறு பயணிகளுக்கு மிட்டாயும் காதடைப்பானும் பை போட்டுக் கொடுத்தார். உலகமே பாராட்டியது. எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு குழந்தை அழுவதற்கு எதற்கு மன்னிப்பு? அன்றைக்கு யாராவது ஒருவர், ''குழந்தையைக் குடும்மா, நீ பாத்ரூம் போய்ட்டு வா'' என்று சொல்லியிருந்தால் அந்த இருநூறு பையைவிட அது பெரிசு. டவுன் பஸ்ஸில் நிற்கிற பெண்ணின் குழந்தையை முன்பின் தெரியாதவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். விமானம் ஏறினதும் அந்தப் பழக்கம் எங்கே போகிறது?

கடைசியாக, தாத்தா பாட்டிகளுக்கு என் கோரிக்கைகள்:

1. தேதியை நீங்கள் குறிக்காதீர்கள். பஞ்சாங்கத்தோடு குழந்தையின் தடுப்பூசி அட்டையையும் வைத்துக்கொண்டு, பெற்றவர்கள் குறிக்கட்டும். தட்டம்மை ஊசி பற்றிக் குழந்தை டாக்டரிடம் அவர்கள் முதலில் பேசட்டும்.

2. அங்கே பிறந்த குழந்தைக்குத் தனி பாஸ்போர்ட் வேண்டும். இந்தியா வர விசாவோ ஓசிஐ அட்டையோ வேண்டும். டிக்கெட்டுக்கு முன்னால் இதெல்லாம். 'எப்போ வரே?' என்று வாரா வாரம் போனில் நச்சரிப்பது இதில் எதையும் வேகப்படுத்தாது.

3. இரண்டு பெரியவர்கள் வர முடியாவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். விசா இருக்கிறவர்கள் நீங்களே கிளம்புங்கள். லிவர்மோரில் சிவா விஷ்ணு கோயில் இருக்கிறது, ஹோமம் பண்ணி வைக்க அந்த ஊரிலும் வாத்தியார் இருக்கிறார். காசிக்கும் பத்ரிநாத்துக்கும் போகிற முழங்கால் கலிஃபோர்னியாவுக்கும் போகும்.

4. டாக்டர் சொல்லாத எந்த மருந்தையும் தூக்கத்துக்காக நீட்டாதீர்கள். அரை ஸ்பூன்கூட.

5. வந்து இறங்கின பெண்ணிடம் முதல் இரண்டு நாள் புடவை, சொந்தக்காரர், கோயில் எதுவும் பேசாதீர்கள். குழந்தையை வாங்கிக்கொண்டு அவளைத் தூங்க விடுங்கள்.

போன மாதம் மகள் கூப்பிட்டாள். ''அப்பா, லீவுக்கு அங்க வரட்டுமா?'' பேரனுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. இனிமேல் தனி சீட்டுதான்.

''மாப்பிள்ளைக்கு லீவு கிடைச்சா சேர்ந்து வாங்கோ. கிடைக்கலைன்னா நீ அலையாதே, நாங்க வரோம்'' என்றேன்.

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

''அப்பா, அம்மா பக்கத்துல இருக்காளா? ஃபோனை அவகிட்ட குடு.''

நான் சொன்னது நிஜம்தானா என்று விசாரிக்கத்தான்.