கரிசல் மண்ணையும் பரிசோதியுங்கள்

வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பட்டாசு ஆலை வெடித்தால் அதிகாரிகள் வருகிறார்கள், இழப்பீடு அறிவிக்கப்படுகிறது. ஆலை வேலிக்கு வெளியே, தாயில்பட்டியைச் சுற்றிய கரிசல் காட்டில் சத்தமில்லாமல் நடக்கக்கூடிய கேட்டைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. உள்ளே மருந்து கலப்பதும் நம் மக்கள். வெளியே அந்தக் காட்டில் களையெடுப்பதும், ஆடு மேய்ப்பதும் நம் மக்கள்.

பட்டாசின் நிறம் உலோகத்தின் நிறம். பச்சைக்குப் பேரியம், சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், நீலத்துக்குத் தாமிரம். ஈயம், ஆர்சனிக், பாதரசம், ஆன்டிமனி, லித்தியம் ஆகியவற்றை 2017 ஜூலையிலும், 'பச்சை உப்பு' எனப்படும் பேரியம் நைட்ரேட் உள்ளிட்ட பேரியம் உப்புகளை 2018 அக்டோபரிலும் பட்டாசில் சேர்க்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. ஆனால் தடைக்கு முன் கழிவோடு மண்ணில் விழுந்தது எங்கே போகும்? காகிதம் மக்கும், உலோகம் மக்காது. கரிசலின் களிமண் அதை இறுகப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

செடிக்குள் என்ன நடக்கிறது என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். சாதாரண நாளிலேயே இலையில் சூப்பர் ஆக்சைடு போன்ற நச்சு ஆக்சிஜன் வடிவங்கள் சிறிதளவு உண்டாகும். சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி அதை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும். கேட்டலேஸ் நொதி அதை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கும். வைட்டமின் சி, குளுட்டாதயோன் இரண்டும் துணை நிற்கும். கன உலோகம் வேரில் ஏறினால் இந்த நச்சு பெருகுகிறது. செடி முதலில் நொதிகளைக் கூட்டிப் போராடும். வளர்ச்சிக்கு வேண்டிய சத்து அந்தப் போராட்டத்திலேயே செலவாகும். பாரம் மிஞ்சினால் காவல் உடைந்து, வேர் குறுகி, இலை மஞ்சளாகும். விவசாயியோ மழை ஏமாற்றிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

மண்ணில் சல்பேட் போதுமான அளவு இருந்தால் பேரியம் கரையாத உப்பாகி அடங்கிவிடும். இல்லையென்றால் பயிருக்குள் போகும். எது நடக்கிறது என்பதைப் பரிசோதனைதான் சொல்லும். ஆனால் 2015இல் வந்த மண்வள அட்டை பார்க்கும் 12 அளவீடுகளில் பேரியமும் இல்லை, ஈயமும் இல்லை. அட்டை கையில் இருந்தும் நம் விவசாயிக்கு உண்மை தெரியாது.

ஆலையை மூடச் சொல்லவில்லை நாம். அந்தக் கூலியில்தான் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆலைகளை ஒட்டிய நிலம், கிணறு, கண்மாய் ஆகியவற்றில் உலோகங்களின் அளவை மாவட்ட நிர்வாகம் சோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் ஒட்ட வேண்டும். கழிவு மருந்தைத் திறந்த வெளியில் கொட்டுவதும் எரிப்பதும் நிற்க வேண்டும். பட்டியல் சமூகத்தார் புழங்கும் நீரைக் கெடுப்பது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவூட்டுகிறோம்.

அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருவோம். படித்த பிள்ளைகள் அதை எழுதித் தரட்டும்.