நிதி மேலாண்மைப் பட்டமும் நம் தோட்டப்புறப் பிள்ளைகளும்



எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்த சில நாள்களில் நெகிரி செம்பிலானின் தோட்டப்புறங்களிலும், தோட்டங்களை விட்டு வெளியேறியோர் குடியேறிய தாமான்களிலும் ஒரே கேள்விதான் வலம் வருகிறது. "பிள்ளை அடுத்து என்ன படிக்கப் போகிறது?" மருத்துவம் என்று பதில் வந்தால் கேட்பவரின் முகம் மலர்கிறது. சட்டம், பொறியியல் என்றாலும் மகிழ்ச்சியே. வணிக நிருவாகம், அதில் நிதி மேலாண்மை என்றால் மட்டும் சற்றே ஓர் அமைதி. "வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா?" என்று வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் பார்வை கேட்டுவிடுகிறது.

இதில் என் கருத்து இரண்டு. முதலாவது, தோட்டப்புறத்திலிருந்து வந்த நம் சமுதாயத்திற்கு மிகவும் தேவைப்படும் பட்டங்களுள் இதுவும் ஒன்று. இரண்டாவது, இப்பட்டத்தில் சேரும் நம் பிள்ளைகளுள் பலர் எதில் சேருகிறோம் என்று அறியாமலேயே சேருகிறார்கள். முதற்கருத்தை மட்டும் சொன்னால் அது விளம்பரம். இரண்டாவதை மட்டும் சொன்னால் அது புலம்பல். ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஒரு காலைப் பொழுதில் கைமாறிய தோட்டங்கள்

1981 செப்டம்பர் 7ஆம் நாள் இலண்டன் பங்குச் சந்தையில் கத்ரி நிறுவனத்தின் பங்குகளை மலேசியாவின் பி.என்.பி. நிறுவனம் சில மணி நேரத்திற்குள் வாங்கிக் குவித்தது. வெள்ளைக்காரத் துரைமார் ஆண்ட பெருந்தோட்ட நிறுவனம் ஒன்று ஒரே காலைப் பொழுதில் மலேசியர் கைக்கு வந்தது. நாட்டுக்கு அது பெருமைக்குரிய நாள்தான். அந்தத் தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்த நம் தாய் தந்தையரோ அன்றும் வழக்கம்போல் விடியற்காலையில் பால்மரம் சீவப் போனார்கள். தாங்கள் வாழும் மண்ணின் உரிமை கைமாறியதையே அவர்கள் பின்னர்தான் அறிந்தார்கள்.

கதை அதோடு முடியவில்லை. 2007இல் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி ஆகியவை ஒன்றாயின. 2017இல் சைம் டார்பி மூன்றாகப் பிரிந்தபோது தோட்டத்தொழில் ஒரு நிறுவனமாகவும் வீட்டுடைமை மேம்பாடு வேறு நிறுவனமாகவும் பங்குச் சந்தையில் தனித்தனியே இடம்பெற்றன. 2024இல் தோட்ட நிறுவனம் எஸ்.டி. கத்ரி எனப் பெயர் மாறியது. லாபு, நீலாய், சிரம்பான் வட்டாரங்களில் செம்பனை நின்ற நிலம் வீடமைப்புத் திட்டங்களாக மாறியதை நாமெல்லாம் கண்ணாரக் கண்டவர்கள். நமக்கு அது ஊர் கலைந்த துயரம். நிறுவனத்தின் கணக்கேட்டிலோ அது ஓர் எளிய ஒப்பீடு: ஓர் ஏக்கரில் செம்பனை ஆண்டுதோறும் ஈட்டுவது எவ்வளவு, அதே ஏக்கர் வீட்டு மனையானால் கிடைப்பது எவ்வளவு?

அந்த ஒப்பீட்டைச் செய்யக் கற்பிப்பதுதான் நிதி மேலாண்மை. நம் வாழ்க்கையைப் புரட்டிப் போட்ட முடிவுகள் யாவும் அந்த மொழியிலேயே எடுக்கப்பட்டன. மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தவர்களுள் அந்த மொழி அறிந்த நம்மவர் எத்தனை பேர் என்பதே என் கேள்வி.

பத்து வெள்ளியும் எண்பது காசும்

நம்மவர்க்குப் பணத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. தோட்டங்களில் நடந்த 'கூட்டு' என்ன? பத்துப் பெண்கள் மாதம் நூறு வெள்ளி போட்டு, அவசரத்தில் இருப்பவர் நூறு வெள்ளியைத் தள்ளித் தொள்ளாயிரமாக எடுத்துக்கொள்வார். நாளை வரும் ஆயிரத்தைவிட இன்று கிடைக்கும் தொள்ளாயிரம் தனக்கு மேல் என்று அவர் கணித்திருக்கிறார். பல்கலைக்கழகத்தில் 'பணத்தின் கால மதிப்பு' என்று முதலாண்டில் கற்பிக்கும் பாடம் இதுவேதான். ஆனால், கூட்டுப் பிடித்தவர் ஓடிப்போனால் கேட்க நாதியில்லை. 1971இல் கூட்டு நிதித் தடைச் சட்டமே வந்தது. சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் நம் 'கூட்டு' என்னும் சொல்லே இடம்பெற்றிருப்பது வேடிக்கையா, வேதனையா என்று தெரியவில்லை.

பெரிய அளவில் இரண்டு முயற்சிகளை நாம் கண்டோம். முதலாவது, துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்த காலத்தில், அவர் தோட்டந்தோட்டமாகச் சென்று மாதம் பத்து வெள்ளி கட்டச் சொன்னார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் தொழிலாளர்களுக்கே சொந்தமாயிற்று. அச்சங்கம் இன்றும் நிலைத்து நிற்கிறது.

இரண்டாவது, ம.இ.கா. முன்னின்று 1982இல் தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நம் மக்கள், அவர்களுள் எளிய தொழிலாளர்கள் ஏராளமானோர், நூறு மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் அதில் முதலிட்டனர். 2010இல், தான் ஸ்ரீ ஞானலிங்கத்தின் நிறுவனம் ஒரு ரிங்கிட் பங்குக்கு எண்பது சென் தர முன்வந்தபோது, "போட்டதில் பெரும்பகுதியாவது வந்ததே" என்று பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

இங்கேதான் கணக்குத் தேவைப்படுகிறது. 1983இல் போட்ட ஒரு ரிங்கிட், ஆண்டுக்கு 5 விழுக்காடு கூட்டு வட்டியில் வளர்ந்திருந்தால், 27 ஆண்டுகளில் ஏறக்குறைய 3 ரிங்கிட் 73 சென் ஆகியிருக்கும். இடையில் கைக்கு வந்த இலாப ஈவைத் தனியே வைத்துவிட்டுப் பார்த்தால், இழந்தது இருபது சென் அன்று. ஏறக்குறைய 2 ரிங்கிட் 93 சென். இருபது சென் இழந்ததாக எண்ணுபவர் தம் விதியை நொந்துகொள்வார். ஏறக்குறைய மூன்று ரிங்கிட் இழந்ததை அறிந்தவரோ ஆண்டறிக்கையைக் கேட்பார், பொதுக்கூட்டத்தில் எழுந்து நிற்பார். அந்த வேறுபாடுதான் நிதிக் கல்வி.

பட்டத்தில் என்ன கற்பிக்கிறார்கள்?

பெரும்பாலும் மூன்றாண்டுப் படிப்பு. குறைந்தது 120 கடன்மணிகள். முதலாண்டில் கணக்கியல், பொருளியல், புள்ளியியல், வணிகச் சட்டம், மேலாண்மைக் கோட்பாடுகள். அதன்பின் நிறுவன நிதி, முதலீட்டு ஆய்வு, வங்கியியல், இடர் மேலாண்மை, அனைத்துலக நிதி. இறுதியில் தொழிலிடப் பயிற்சி. ஒரு தொழிலில் போடும் பணம் திரும்புமா, கடன் வாங்குவதா பங்கு விற்பதா, எவ்வளவு கையிருப்பு வேண்டும் என்னும் கேள்விகளுக்கு விடை காணும் படிப்பு இது.

பெற்றோர் பலர் தடுமாறும் இடமொன்று உண்டு. நிதி மேலாண்மைப் பட்டம் வேறு, கணக்கியல் பட்டம் வேறு. முன்னது மட்டும் பெற்றவர் மலேசியக் கணக்காய்வாளர் கழகத்தில் நேரடியாகப் பதிந்து 'கணக்காய்வாளர்' ஆகிவிட முடியாது. அதற்குத் தனித் தொழில்முறைத் தேர்வுகளை எழுத வேண்டும். "என் மகள் அக்கவுண்டனுக்குப் படிக்கிறாள்" என்று சொல்லும் தாய்மார்கள், மகளின் சேர்க்கைக் கடிதத்தில் உள்ள பட்டத்தின் பெயரை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

சேருமுன் போடவேண்டிய கணக்கு

நிதி மேலாண்மை படிக்கப் போகும் பிள்ளை போடவேண்டிய முதற்கணக்கு, தன் படிப்புக்கே ஆகும் கணக்கு. ஆனால், அதைத்தான் யாரும் போடுவதில்லை. உயர்கல்விக் கண்காட்சியில் ஒரு மடிக்கணினியும் 'கடனுக்கு நாங்களே ஏற்பாடு செய்கிறோம்' என்ற இனிய சொல்லும் போதுமானதாகிவிடுகிறது.

எஸ்.டி.பி.எம். படிவம் ஆறு நம் பிள்ளைகளுக்குக் கசப்பாக இருக்கிறது. நீண்ட காலம் பிடிக்கும் என்கிறார்கள். ஆனால், கட்டணம் மிகக் குறைவு. பொருளியல், வணிகவியல், கணக்கியல் மூன்றையும் எடுக்கலாம். தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம். மெட்ரிகுலேசனிலும் கணக்கியல் பிரிவு உண்டு. இவ்வழிகளில் சென்றால், 1984இல் மேலாண்மைக்கென்றே தொடங்கப்பட்ட கெடாவின் வட மலேசியப் பல்கலைக்கழகம் முதலிய அரசுப் பல்கலைக்கழகங்களின் கதவு திறக்கிறது. அங்குள்ள கட்டணத்துக்கும் தனியார் கட்டணத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. நீலாயிலேயே தனியார் பல்கலைக்கழகங்கள் இருப்பதால் வீட்டிலிருந்து போய்வரலாம் என்பது ஒரு வசதிதான், மறுக்கவில்லை. விடுதிச் செலவு மிச்சம். ஆயினும், மிச்சமாகும் விடுதிச் செலவையும் கூடுதலாகும் கட்டணத்தையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

பி.டி.பி.டி.என். கடன் நன்கொடையன்று. திருப்பிக் கட்டவேண்டிய கடன். முதல் வகுப்பில் தேறினால் கடனிலிருந்து விலக்குக் கோரலாம் என்பதையும் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதைவிடப் பெரிய ஊக்கம் வேறில்லை. சேரும் பட்டப்படிப்பு மலேசியத் தகுதி முகவாண்மையின் ஏற்புப் பெற்றதா என்று அதன் பதிவேட்டில் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். ஊழியர் சேமநிதியிலிருந்து கல்விக்குப் பணம் எடுக்க இடமுண்டு. எடுக்கலாம் என்பதற்காக எடுத்துவிடாதீர்கள். அது உங்கள் முதுமைக் காலச் சோறு.

"வணிகம் படித்தவர்கள் வேலையின்றித் திரிகிறார்களே, கைத்தொழில் கற்றால் உடனே சம்பளமாயிற்றே" என்று சில ஆசிரியர்கள் வாதிடுகிறார்கள். நியாயமான வாதம். எண்களோடு நட்பில்லாத பிள்ளையை இதில் தள்ளுவதைவிட, மின்னியலோ குளிரூட்டித் தொழிலோ கற்பிப்பது ஆயிரம் மடங்கு நன்று. வேறு எதிலும் இடம் கிடைக்காததால் வணிகம் என்று சேர்ந்தவர், கடனோடு வெளிவந்து, பட்டம் கேட்காத எழுத்தர் வேலையில் அமர்கிறார். குறை பட்டத்தில் இல்லை, தேர்ந்தெடுத்த விதத்தில் இருக்கிறது.

தமிழ்ப்பள்ளி என்ன செய்யலாம்?

இவையெல்லாம் பதினெட்டு வயதில் தொடங்கும் காரியமன்று. ஆறாம் ஆண்டுக் கணிதப் பாடத்திலேயே இலாபம், நட்டம், கழிவு, வட்டி, இலாப ஈவு, சொத்து, கடன்பொறுப்பு எல்லாம் வந்துவிடுகின்றன. நாம் அவற்றைச் சூத்திரமாக நடத்தி முடித்துவிடுகிறோம். அதற்குப் பதிலாக, ஒரு மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொள்ளலாம். 8,000 ரிங்கிட் கடன், ஆண்டுக்கு 6 விழுக்காடு நிலையான வட்டி, ஐந்தாண்டு. வட்டி 2,400. மொத்தம் 10,400. மாதத் தவணை 173 ரிங்கிட் 33 சென். இதுவரை ஆறாம் ஆண்டுப் பிள்ளையே போட்டுவிடும். அடுத்து ஒரு கேள்வி: மாதாமாதம் கடன் குறைந்துகொண்டே வரும்போது, முழு 8,000க்கும் ஐந்தாண்டும் வட்டி ஏன்? உண்மையான வட்டி ஏறக்குறைய 10.8 விழுக்காடு என்பதைப் பின்னாளில் அந்தப் பிள்ளை பல்கலைக்கழகத்தில் கண்டுபிடிக்கும். கேள்வி மட்டும் நம் வகுப்பறையில் பிறந்தால் போதும். நம் நாட்டில் வாகனத் தவணைக் கடன்கள் பல்லாண்டுக் காலம் இம்முறையில்தான் கணக்கிடப்பட்டு வந்தன. லயத்து வீடுகளில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவர் ஆட்குறைப்புக்கு உள்ளானால், ஆண்டொன்றுக்கு இருபது நாள் சம்பளம் இழப்பீடாகப் பெறவேண்டும். இருபதாண்டு உழைத்தவருக்கு நானூறு நாள் சம்பளம். அதாவது ஓராண்டு வருமானத்துக்குச் சற்றே மேல். தோட்டம் விற்கப்பட்டபோது அந்தத் தொகையை மொத்தமாகக் கையில் வாங்கிய குடும்பங்களை நாம் அறிவோம். அது ஓராண்டுச் சோறு மட்டுமே என்று எடுத்துச் சொல்ல அவ்வீட்டில் ஒருவர் இருந்திருந்தால், புதுக் காருக்கு முன்பணம் கட்டுமுன் ஒரு நொடி தயங்கியிருப்பார்கள். வீட்டுக்கு முன்பணம் கட்டியவர்கள் இன்று சொந்த வீட்டில் இருக்கிறார்கள்.

திருவள்ளுவர் 'பொருள் செயல்வகை' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். பொருள் ஈட்டுவதை இழிவாகக் கருதும் மரபு நம்முடையதன்று. பகாவிலும் தம்பினிலும் போர்ட்டிக்சனிலும் நம் பள்ளிகளிலிருந்து வெளிவரும் பிள்ளைகளுள் ஆண்டுக்குச் சிலராவது விரும்பி, தெளிந்து, கணக்குப் போட்டு இத்துறைக்கு வரவேண்டும். அவர்கள் வங்கியில் பணியாற்றலாம், நிறுவனம் நடத்தலாம். எதுவும் இல்லாவிட்டாலும், தங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கையை, பள்ளி வாரியத்தின் வரவுசெலவை, கோயில் கணக்கைப் படித்துப் பார்த்து, "இந்தத் தொகை எங்கே போயிற்று?" என்று மரியாதையோடு கேட்கலாம்.

எனவே, அடுத்த முறை ஒரு பிள்ளை "நிதி மேலாண்மை படிக்கப் போகிறேன்" என்று சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். "எந்தப் பல்கலைக்கழகம், மொத்தச் செலவு எவ்வளவு, கடனை எத்தனை ஆண்டில் அடைப்பாய்?" என்று கேளுங்கள். பிள்ளை தாளை எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்தால், தயங்காமல் வாழ்த்தி அனுப்புங்கள்.