மலைக்கும் நமக்கும் இடையே

தஞ்சை வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மலை என்பது வெளியூர்ப் பொருள். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் வயலும் வாய்க்காலும்தான். ‘தட்சிணமேரு’ என்று பெயர் பெற்ற பெரிய கோயில் விமானமே நமக்கு வாய்த்த மலை. அதனால்தானோ என்னவோ, சுற்றுலா போய்த் திரும்பும் நம் மாணவர்களின் கைப்பேசிகளில் மலைப் படங்கள் நிறைந்து கிடக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சியில் புகைப்படப் பிரிவுக்கு நான் நடுவராக இருந்தேன். கடைசியில் இரண்டு மலைப் படங்கள் எஞ்சின. ஒன்று, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி துறையூர்ப் பக்கத்திலிருந்து எடுத்த பச்சைமலை. பாறைகளும் மடிப்புகளும் துலக்கமாகத் தெரிந்தன. “இதைத் திருத்தினாயா, அம்மா?” என்று கேட்டேன். “ஆமாம் சார்” என்றாள். படத்தை ஒதுக்கிவிட்டேன். மற்றது ஒரு மாணவன் எடுத்த உதகைக் காட்சி. மலைக்கு மேலே அழகான மேகக் கூட்டம். “நான் எதுவும் செய்யவில்லை சார்” என்றான். பரிசு அவனுக்கே போயிற்று.

அன்றிரவு அந்தப் படத்தின் பிரதியை நிதானமாகப் பார்த்தேன். மலையின் இடப்பக்கத்தில் வெயில் விழுந்திருந்தது. மேகங்களிலோ வலப்பக்கம் ஒளிர்ந்தது. ஒரே வானத்தில் இரண்டு சூரியன்கள் இருக்க முடியுமா? அந்த மேகங்கள் வேறு எங்கிருந்தோ வந்தவை. மாணவனைக் குறை சொல்ல மாட்டேன். கைப்பேசியில் உள்ள செயலி தானாகவே வானத்தை மாற்றியிருக்கலாம். குறை என்னுடையது. இயற்பியல் கற்பிக்கும் நான் படத்தைச் சோதிக்காமல், “திருத்தினாயா?” என்ற ஒரே கேள்வியை நம்பினேன். உண்மை சொன்ன பெண் தோற்றுப் போனாள்.

மறுநாள் அந்த மாணவியைச் சந்தித்து என் தவற்றை ஒப்புக்கொண்டு, திருத்துவதற்கு முன் இருந்த மூலப் படத்தைக் காட்டச் சொன்னேன். அது வெளிறிக் கிடந்தது. மலை இருக்கிறது என்பதற்கு அடையாளமாக ஒரு சாம்பல் நிறக் கோடு மட்டுமே தெரிந்தது. மலையை மறைத்தது எது?

காற்றுதான். மலை இல்லாத நம் ஊரிலேயே இதைக் காணலாம். மார்கழிக் காலையில் வரப்பில் நின்று பாருங்கள். பக்கத்துப் பனைமரம் கருமையாக இருக்கும். அடுத்த ஊர்த் தென்னந்தோப்பு சாம்பல் பூத்திருக்கும். அதற்கும் அப்பாலுள்ள கோபுரம் வானத்தோடு கரைந்திருக்கும். காற்று இரண்டு வேலைகளைச் செய்கிறது. பொருளிலிருந்து வரும் ஒளியில் ஒரு பகுதியை வழியிலேயே சிதறடிக்கிறது. அதே சமயம், சூரிய ஒளியைச் சிதறச் செய்து நம் கண்ணுக்குள் புதிதாகச் சேர்க்கிறது. காற்று மூலக்கூறுகள் 650 நானோமீட்டர் சிவப்பொளியைவிட 450 நானோமீட்டர் நீல ஒளியை நான்கு மடங்குக்கும் மேல் சிதறடிக்கும். 1871-இல் ராலே பிரபு விளக்கிய உண்மை இது. தூர மலைகள் நீலமாகத் தெரிவது அதனால்தான். தூசியும் புகையும் பனித்துளியும் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒன்றுபோலச் சிதறடிப்பதால் வெண்மை பரவுகிறது.

இதை ஓர் எளிய கணக்காகப் போட்டுப் பார்ப்போம். கைப்பேசிப் படத்தில் பொலிவை 0 முதல் 255 வரையுள்ள எண்களால் குறிப்பது வழக்கம். அருகிலிருந்து பார்த்தால் பாறையின் பொலிவு 60, புதரின் பொலிவு 40, அடிவானத்தின் பொலிவு 200 என்று கொள்வோம். 10 கிலோமீட்டரில் பாதி ஒளி இழக்கப்படுகிறது என்றால், பாறையிலிருந்து 30-ம் புதரிலிருந்து 20-ம் வந்து சேரும். காற்று தன் பங்காக இரண்டிலும் 100 சேர்க்கும். கிடைப்பது 130, 120. மூன்றுக்கு இரண்டாக இருந்த விகிதம் பதின்மூன்றுக்குப் பன்னிரண்டாகிவிட்டது. படம் வெளிறியதன் காரணம் இதுவே.

இனித் திருத்துவது என்றால் என்ன என்று பாருங்கள். இரண்டிலும் 100-ஐக் கழித்து, மிச்சத்தை இரண்டால் பெருக்குங்கள். 60, 40 மீண்டும் வந்துவிட்டன! காற்று சேர்த்ததைக் கழித்தோம். காற்று குறைத்ததைப் பெருக்கினோம். அந்த மாணவி விரலால் தள்ளிய ‘மூட்டம் நீக்கு’ என்ற குறி ஏறக்குறைய இந்தக் கணக்கைத்தான் செய்தது. ஒரே படத்தைக் கொண்டு இப்படி மூட்டத்தைக் கணித்து நீக்கும் புகழ்பெற்ற வழி ஒன்றை 2009-இல் கைமிங் ஹேயும் அவருடைய இரு கூட்டாளிகளும் வெளியிட்டார்கள். இதைப் பொய் என்று சொன்னால், மூக்குக்கண்ணாடி அணிவதையும் பொய் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் இந்தக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. மலை 60 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் ஒளி ஆறு முறை பாதியாகி, 64-இல் ஒரு பங்கே மிஞ்சும். பாறைக்கு 197.8, புதருக்கு 197.5 என்று வரும். கேமரா முழு எண்ணாகக் குறிக்கும்போது இரண்டும் 198 ஆகிவிடும். இனி எதைக் கழித்து எதைப் பெருக்கினாலும் பாறையையும் புதரையும் பிரிக்க முடியாது. அதற்கு முன்பே, பெருக்கப் பெருக்கக் கருவியின் பிழைகளும் பெருகி, நொய்யரிசி தூவியதுபோல் படத்தில் புள்ளிகள் தோன்றும். அந்த எல்லைக்கு அப்பால் ஒரு செயலி பாறை மடிப்புகளை அழகாகக் காட்டினால், அவை மலையிலிருந்து வந்தவை அல்ல. வேறு ஆயிரம் மலைப் படங்களைப் பார்த்துப் பழகிய இயந்திரத்தின் ஊகம்.

ஊகித்துச் சேர்ப்பது இன்று தோன்றிய வழக்கமல்ல. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856-இல் நியமிக்கப்பட்ட கேப்டன் லின்னேயஸ் டிரைப், 1858-இல் மதுரை யானைமலையையும் நம் தஞ்சைக் கோயிலையும் படமெடுத்தார். மெழுகு பூசிய காகிதமே அவருடைய நெகட்டிவ். அக்காலத்து ரசாயனம் நீல ஒளிக்கே மிகுதியாக மசிந்தது. ஆகவே நீல வானம் முழுவதும் ஒரே வெள்ளையாகப் பதிந்து மேகங்கள் மறைந்துவிடும். டிரைப் தம் நெகட்டிவ்கள் சிலவற்றில் சாயம் தொட்டுத் தம் கையாலேயே மேகங்களை வரைந்தார். அதே டிரைப் தஞ்சைக் கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளப் படமாகவும் ஆக்கினார். அதில் யாரேனும் ஓர் எழுத்தை ‘அழகுக்காக’ வரைந்து சேர்த்திருந்தால் என்னவாகும்? சோழர் வரலாறு படிப்பவர் ஏமாந்து போவார்.

வேறொரு வழியும் உண்டு. அமெரிக்காவின் யோசெமிட்டியில் 1927-இல் ஆன்சல் ஆடம்ஸ் ‘ஹாஃப் டோம்’ என்ற பெரும்பாறையைப் படமெடுத்தபோது, மஞ்சள் வடிகட்டியில் வானம் வெளிறிவிடும் என்று கருதி, கடைசித் தகட்டுக்கு அடர் சிவப்பு வடிகட்டியைப் பொருத்தினார். நீல ஒளி தடுக்கப்பட்டு வானம் கருமையாகியது. பாறை எழுந்து நின்றது. கண் கண்ட காட்சி அதுவல்ல. எனினும் பாறையில் இல்லாத ஒரு கீறலைக்கூட அவர் சேர்க்கவில்லை. வந்த ஒளியில் எதை ஏற்பது என்று தேர்ந்தெடுத்தார், அவ்வளவே.

ஆகவே என் கருத்து இது: மலையிலிருந்து வந்த ஒளியை மீட்பது திருத்தம், வராத ஒளியைச் சேர்ப்பது ஓவியம். இரண்டும் செய்யத்தக்கவையே. ஆனால் ஓவியத்தைப் புகைப்படம் என்று சொல்லி அறிவியல் கண்காட்சியில் வைப்பது, சோதனைக்கூடத்தில் அளவீட்டை எடுக்காமலே குறிப்பேட்டில் எழுதுவதற்கு ஒப்பாகும்.

எல்லையைத் தாண்டிவிட்டோமா என்பது எடுத்தவருக்கே சில சமயம் தெரியாது. அங்கேதான் பிறர் கண் உதவுகிறது. ஆனால் “நன்றாக இருக்கிறதா?” என்று நண்பனைக் கேட்டால் “சூப்பர்” என்பான், அதில் கற்க ஒன்றுமில்லை. “எந்த இடம் உறுத்துகிறது? ஏன்?” என்று கேளுங்கள். அந்த மாணவி என்னிடம் காட்டிய இரண்டாவது படத்தில் மலை பசேலென்று இருந்தது. மூன்றாவதில் பச்சை வெகுவாகக் குறைந்திருந்தது. காரணம் கேட்டேன். “துறையூரிலுள்ள என் பாட்டியிடம் காட்டினேன், சார். ‘சித்திரை மாசத்துல எந்தப் புள்ள மலைய இவ்வளவு பச்சையாப் பார்த்தது? காஞ்சு செவந்துல்ல கெடக்கும்’ என்று சொல்லிவிட்டார்கள்” என்றாள். கழித்தலில் பிழையில்லை; பச்சையை ஏற்றியதுதான் பிழை. அந்த மலையைப் பார்த்தே வாழ்ந்தவர் அதை ஒரே பார்வையில் பிடித்துவிட்டார். நடுவராகிய நான் செய்யத் தவறிய வேலை அது.

பள்ளிக் கண்காட்சிகளுக்கு ஒரு யோசனை கூறுவேன். ‘திருத்திய படங்கள் ஏற்கப்படமாட்டா’ என்ற விதியை எடுத்துவிடுங்கள். அது உண்மை பேசுவோரை மட்டுமே தண்டிக்கிறது. அதற்குப் பதிலாக மூலப் படத்தையும் திருத்திய படத்தையும் அருகருகே வைத்து, செய்தது என்ன என்று நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். பார்ப்பவர் தாமே சோதித்துக்கொள்வார்.

நண்பர்களே, அடுத்த முறை மலையைப் படமெடுக்கும்போது மூலப் படத்தை அழித்துவிடாதீர்கள். மலைக்குப் போக வாய்ப்பில்லையா? நாளைக் காலை வரப்பில் நின்று அந்தத் தென்னந்தோப்பை எடுங்கள். காற்று எவ்வளவு சேர்த்திருக்கிறது என்று கழித்துப் பாருங்கள். பிறகு அந்தத் தோப்புக்காரரிடமே காட்டி, சரியா என்று கேளுங்கள்.