இருப்பவரும் அல்லர், இறந்தவரும் அல்லர்

2012ஆம் ஆண்டிலே கிளிநொச்சியிலிருந்து ஓர் அம்மையார் எம்மை நாடி வந்தார். அவர் கணவர் 2009 மே மாதத்தில், போரின் இறுதி நாட்களில், சரணடையச் சென்றவர். அதன் பின்னர் செய்தி இல்லை. கணவர் பெயரிலிருந்த காணியையும் வங்கிப் பணத்தையும் கையாள வழி வேண்டியிருந்தது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தைக் காட்டி, ஓராண்டுக்கு மேலாகக் காணப்படாதவரின் மரணத்தைப் பதிவு செய்யலாம் என்று ஆலோசனை கூறினோம். சட்டப்படி அது சரியான ஆலோசனையே. "ஐயா, அந்தக் கடுதாசியிலை நான் கையெழுத்து வைச்சால், அவரை நானே கொன்றதாய்ப் போகும்" என்று கூறி அவர் எழுந்து சென்றார்.

அன்றைய சட்டம் மனிதனுக்கு இரண்டு நிலைகளையே அறிந்திருந்தது. மனம் மூன்றாவதொன்றை அறியும். அமெரிக்க அறிஞர் போலின் பொஸ் அம்மையார், வியட்நாம் போரிற் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்து, 1970களில் அதற்குத் 'தெளிவற்ற இழப்பு' எனப் பெயரிட்டார். கோளாறு அக்குடும்பத்தாரின் மனத்தில் இல்லை, அவர்கள் அகப்பட்டுள்ள நிலைமையிலேயே உள்ளது என்பது அவர் முடிபு.

எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி என்று எம் முன்னோர் துயருக்கு நாட்கணக்கு வகுத்தனர். ஊர் கூடி அழும். அழுது எழுந்திருக்க அனுமதியும் தரும். உடலும் இல்லை, நாளும் தெரியாது என்னும் வீட்டில் எதனைத் தொடங்குவது? ஆடி அமாவாசையன்று மகன் விரதம் பிடித்தால் தந்தை இறந்தார் என்றாகிறது; பிடியாவிட்டால், ஒருவேளை அவர் இறந்திருப்பின், மகன் கடமை தவறியவனாகிறான். பன்னிரண்டு வயதுப் பாலகன் தீர்க்கவேண்டிய வழக்கா இது?

"நடந்ததை ஏற்றுக்கொண்டு வாழுங்கள்" என்று புத்திமதி கூறுவோர் உளர். எலிசபெத் கூப்ளர் ரொஸ் 1969இல் எழுதிய ஐந்து நிலைகளைச் சிலர் ஆதாரமாகவும் காட்டுவர். அவை மரணத்தறுவாயிலிருந்த நோயாளரிடமிருந்து அறியப்பட்டவை. தமக்கு நேரவிருப்பது இன்னதென்று அந்நோயாளருக்குத் தெரிந்திருந்தது. எம் தாய்மாருக்கோ நேர்ந்தது எதுவென்றே தெரியாது. எதனை ஏற்பது?

2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், மரணத்தைச் சொல்லாமலே 'காணப்படவில்லை' எனச் சான்று வழங்க இடமளித்தது. அதனை வரவேற்றோம், எமது கட்சிக்காரரும் பெற்றார். காணி விடயம் ஒருவாறு சீராயிற்று. ஆனால் 2017 பெப்ரவரி 20ஆந் திகதி கிளிநொச்சியில் தாய்மார் போராட்டத்தில் அமர்ந்தது காணிக்காகவா? சரணடைந்தோரின் பெயர்ப் பட்டியலையன்றோ அவர்கள் கேட்டனர். பதில் கிடையாமலே அவர்களுட் பலர் இறந்துவிட்டனர். எஞ்சியோர் கண்மூடுமுன் அப்பட்டியல் வெளிவரவேண்டுமென அரசாங்கத்தைக் கேட்கின்றோம்.