மேடையில் இங்கிலீஷ், வீட்டில் ஊமை

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளை படிக்கும் வீட்டுக்காரர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

நமது ஊர்க் கலைவிழாக்களில் ஏழு வயதுப் பிள்ளை மூன்று நிமிட இங்கிலீஷ் பேச்சை மனனம் பண்ணி ஒப்புவிக்கிறது. கை தட்டுகிறோம், வீடியோ எடுத்துப் போடுகிறோம். இறங்கி வந்த அதே பிள்ளையிடம் "வெயார் இஸ் யுவர் பேக்?" என்று கேளுங்கள். கதிரைக்குக் கீழே கிடக்கும் பையை விரலால் காட்டும். வாய் திறக்காது.

தரம் 3 தொடக்கம் 11 வரை ஒன்பது வருடம் இங்கிலீஷ் ஒரு பாடம். அதற்கு மேல் டியூசன், அதற்கு மேல் "முப்பது நாளில் ஸ்போக்கன் இங்கிலீஷ்" என்ற போஸ்டர்களுக்குக் கட்டும் காசு. இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரியாவிட்டால், குற்றம் பிள்ளையில் இல்லை. கற்பிக்கும் எங்களிலும் காசு கொடுக்கும் உங்களிலும்தான் இருக்கிறது.

முதலில் ஆசிரியர் தரப்பு. கரும்பலகையில் "இன் என்றால் உள்ளே, ஒன் என்றால் மேலே, அண்டர் என்றால் கீழே" என்று எழுதிப் போட்டுப் பாடமாக்கச் சொல்கிறோம். பிள்ளை வீட்டில் அப்படியா பேசுகிறது? பெட்டியில, மேசையில, வாசலில என்று ஒரே "ல"வைப் போட்டு எல்லாவற்றையும் முடித்துவிடுகிறது. இங்கிலீஷில் அந்த மூன்றுக்கும் மூன்று சொல்: இன் த பொக்ஸ், ஒன் த டேபிள், அட் த கேட். சுவரில் தொங்கும் மணிக்கூடு சுவருக்கு உள்ளேயும் இல்லை, மேலேயும் இல்லை. ஆனாலும் அது ஒன் த வோல். மின்விசிறி மேசைக்கு மேலே சுற்றினாலும் அதற்கு ஒன் வராது, அபவ்தான். பஸ்ஸில் போனால் ஒன், காரில் போனால் இன். கரும்பலகைப் பட்டியலை வைத்துக்கொண்டு பிள்ளை இதை எப்படிக் கண்டுபிடிக்கும்?

இன்னும் இரண்டு சிக்கல். நாம் "மேசைக்குக் கீழே" என்கிறோம், இங்கிலீஷில் "கீழே" முன்னுக்கு வந்துவிடும்: அண்டர் த டேபிள். நமக்கு "திறப்பு மேசையில" என்றாலே வசனம் முடிந்தது, இங்கிலீஷில் "இஸ்" இல்லாமல் முடியாது. ஆகவே சொல்லைத் தனியாகப் பிடுங்கிக் கொடுக்காமல், பொருளைக் கையில் கொடுத்து முழு வசனமாகப் பழக்க வேண்டும்: த கீ இஸ் ஒன் த டேபிள். திறப்பை எடுத்து லாச்சிக்குள் போட்டுவிட்டு மறுபடி கேட்க வேண்டும்: த கீ இஸ் இன் த ட்ரோவர். இப்படிப் பத்துத் தடவை இடம் மாற்றினால் இலக்கணம் தானாகக் கையில் வந்துவிடும்.

"அதெல்லாம் சரி சேர், வீட்டில் எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே" என்கிறீர்கள். நீங்கள் தினமும் சொல்லும் கதிரை, யன்னல், அலுமாரி, சப்பாத்து, குசினி எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். கக்கூஸ் ஒல்லாந்தர் தந்தது. நமது மூத்தம்மாமார் இதற்கெல்லாம் எந்த வகுப்புக்குப் போனார்கள்? பொருள் வீட்டுக்குள் வந்தது, சொல்லும் கூடவே வந்தது. உங்களுக்கு வேண்டியது பத்துப் பொருள், நான்கு இடச்சொல், ஒரு கேள்வி. பிள்ளை பாடசாலையில் படித்ததை உம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். பிழைத்தால் இரண்டு பேரும் சேர்ந்து புத்தகத்தைப் பார்க்கட்டும்.

எனக்கு அதிகம் கோபம் வருவது நமது சிரிப்பைப் பார்த்துத்தான். பிள்ளை "இன் த டேபிள்" என்றால் மாமா சிரிக்கிறார், சாச்சா சிரிக்கிறார், வகுப்பில் ஆசிரியரே சிரிக்கிறார். ஓதப் போகும் பிள்ளை ஓர் அரபு எழுத்தைப் பிழையாக உச்சரித்தால் யாராவது சிரிக்கிறோமா? திருப்பிச் சொல்லிக் கொடுக்கிறோம், வாயில் வரும்வரை விடுவதில்லை. அந்தப் பொறுமையில் பாதியை இதற்கும் காட்டினால் போதும்.

தமிழைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. 1882இல் "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தமிழில் தொடங்கிய சித்திலெவ்வைதான் நமது பிள்ளைகள் இங்கிலீஷும் படிக்க வேண்டும் என்று போராடினார். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் இங்கிலீஷை இந்த நாட்டின் இணைப்பு மொழி என்கிறது. வெளியூர் ஆஸ்பத்திரியில் சிங்களமும் வராமல் இங்கிலீஷும் வராமல், கிளினிக் கொப்பி எங்கே என்ற கேள்விக்கு முழித்துக்கொண்டு நிற்கும் நமது ஆட்களைப் பாருங்கள். அங்கே மனனம் பண்ணிய மேடைப்பேச்சு உதவாது. "இட் இஸ் இன் மை பேக்" என்ற ஒரு வசனம் உதவும்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும் ஒரு வார்த்தை. அடுத்த கலைவிழாவில் இங்கிலீஷ் பேச்சுக்குப் பதிலாக ஒரு மேசையும் பத்துப் பொருட்களும் வையுங்கள். எது எங்கே இருக்கிறது என்று பிள்ளைகள் தாங்களே பார்த்துச் சொல்லட்டும். பிழை விட்டாலும் கை தட்டுங்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள். எழுதுவதற்கு முன், பக்கத்தில் இருக்கும் உங்கள் பிள்ளையிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வாருங்கள்.