பிக்சல் உருவம் ஓடும் விதம்

திரையின் மிகச் சிறிய ஒளிப்புள்ளியான பிக்சலை ஒவ்வொன்றாகத் தேர்ந்து நிறமிட்டு உருவம் சமைக்கும் பிக்சல் ஆர்ட் என்னும் கலையில், ஒரு மனித உருவத்தை நிற்கவைப்பது எளிது. நடக்கவைப்பது பயிற்சியால் கைகூடும். ஓடவைப்பதில்தான் பெரும்பாலோர் இடறுகின்றனர். கைத்திறன் போதாமையே இதற்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், ஓட்டத்தை விரைவுபடுத்தப்பட்ட நடையாகக் கருதிவிடுவதுதான் உண்மையான பிழை. கால்களை அகலமாக விரித்துப் படங்களை வேகமாக மாற்றினால் ஓட்டம் வந்துவிடும் என்று நம்பி வரையப்பட்ட உருவம், கடைசிப் பேருந்தைத் தவறவிடக்கூடாது என்று கைப்பையை இடுக்கிக்கொண்டு விரைந்து நடப்பவரைப் போலவே தோன்றும். உடல் தன் எடையை எப்போது தரையில் இறக்குகிறது, எப்போது தரையை விட்டுப் பிரிகிறது என்பதில்தான் ஓட்டத்தின் அடையாளம் இருக்கிறது. அது சரியாக அமைந்தால் கால்கள் அரைகுறையாக இருந்தாலும் கண் பொறுத்துக்கொள்ளும்.

நடையில் எந்தக் கணத்திலும் ஒரு பாதமாவது தரையில் ஊன்றியிருக்கும். ஊன்றிய கால் ஏறக்குறைய நேராக நிற்க, உடல் அதன்மேல் ஏறி இறங்குவதால், ஒரு கால் மற்றொன்றைக் கடக்கும்போது தலை மிக உயரத்திலும், இரு பாதங்களும் விரிந்து தரையில் படிந்திருக்கும்போது மிகத் தாழ்விலும் இருக்கும். ஓட்டத்தில் இது தலைகீழாகிறது. இறங்கும் எடையை வாங்கிக்கொள்ள ஊன்றிய காலின் முழங்கால் மடங்குவதால் ஒற்றைக்காலில் நிற்கும் வேளையிலேயே தலை தாழ்கிறது. இரு பாதங்களும் தரையை விட்டு நீங்கிய சிறு இடைவெளியில் அது உச்சத்தை அடைகிறது. அந்த இடைவெளி இல்லாவிட்டால் அது ஓட்டமே அன்று.

வெறும் கண்ணுக்கு எட்டாத இத்தகைய இடைவெளியைப் படமாகப் பிடித்துக் காட்டியவர் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் மைப்ரிட்ஜ். 1878ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில், செல்வந்தர் லீலண்ட் ஸ்டான்ஃபோர்டின் பண்ணையில், வரிசையாக நிறுத்திய கேமராக்களால் அவர் எடுத்த படங்கள், பாயும் குதிரையின் நான்கு குளம்புகளும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுகின்றன என்பதை உறுதிசெய்ததோடு, அவ்வாறு எழும்போது கால்கள் வயிற்றுக்கடியில் கூடியிருக்கின்றன என்பதையும் காட்டின. முன்கால்களை முன்னும் பின்கால்களைப் பின்னும் நீட்டிப் பறப்பதாகவே அதுவரை ஓவியர் பலர் குதிரையை வரைந்துவந்தனர். 1887இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆதரவில் அவர் வெளியிட்ட 781 தகடுகளில் ஓடும் மனிதர்களும் உண்டு. அனிமேஷன் பயில்வோர் இன்றும் அவற்றைப் புரட்டுகின்றனர்.

அனிமேஷன் துறையினர் ஓட்டத்தை நான்கு நிலைகளாகப் பிரித்துப் பேசுவர். பாதம் தரையைத் தொடுவது கான்டாக்ட். எடை இறங்கி முழங்கால் மடங்குவது டவுன். பின்னிருந்த கால் மடங்கியபடி உடலைக் கடப்பது பாஸிங். தரையை உதைத்து உடல் மேலெழுவது அப். இரு கால்களுக்கும் சேர்த்து எட்டுப் படங்கள் ஆகின்றன. இவ்வாறு காட்டப்படும் ஒவ்வொரு தனிப்படமும் ஃபிரேம் எனப்படும். எட்டாவது முடிந்ததும் முதலாவது தொடர்வதால் இது ஓட்டச் சுழற்சி எனப்படுகிறது. 32 பிக்சல் உயரமுள்ள உருவம் 160 செ.மீ. உயரமுள்ள மனிதரைக் குறிப்பதாகக் கொண்டால், ஒரு பிக்சல் என்பது 5 செ.மீ. கான்டாக்டில் தலை இருந்த வரியிலிருந்து டவுனில் ஒரு பிக்சல் இறங்கி, பாஸிங்கில் பழைய வரிக்கு மீண்டு, அப்பில் ஒரு பிக்சல் ஏறினால், மொத்த ஏற்ற இறக்கம் 10 செ.மீ.; மனித ஓட்டத்துக்கு இது பொருந்தும் அளவே. உருவம் 16 பிக்சலாகச் சுருங்கும்போது அந்த 10 செ.மீ. முழுவதும் ஒரே பிக்சலுக்குள் அடங்கிவிடுகிறது. தலை மேலே இருக்கிறது, அல்லது கீழே இருக்கிறது. இடைப்பட்ட நிலை கிடையாது. பிக்சல் ஓவியர் செய்யும் தேர்வின் கடுமை இங்கேதான் விளங்கும்.

முன்சாய்வும் அப்படியே. ஓடுபவரின் உடல் முன்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும் என்பதற்காக வரைகருவியின் சுழற்றும் வசதியைப் பயன்படுத்தினால், ஓரங்கள் சிதைந்து, கவனமாக வைத்த பிக்சல்கள் கலைந்துபோகும். தலையையும் தோளையும் இரண்டு பிக்சலும் மார்பை ஒரு பிக்சலும் முன்னே நகர்த்தினால் போதும், கண் அதைச் சாய்வாகவே வாசிக்கும். அப்பால் இருக்கும் கைக்கும் காலுக்கும் சற்றே இருண்ட நிறம் தருவது, இடது காலும் வலது காலும் ஒன்றோடொன்று குழம்பாமலிருக்க உதவும்.

இவ்வளவும் சரியாக வந்தபிறகும் ஓட்டத்தைக் கெடுக்கக்கூடியது பாதம் வழுக்குவது. ஊன்றிய பாதம் நிலத்தைப் பொறுத்தவரை அசையக்கூடாது. ஆகையால், உருவம் முன்னே செல்லும் தூரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் அப்பாதம் படத்துக்குள் பின்னே செல்ல வேண்டும். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில், ஒவ்வொரு முறையும் உருவம் 2 பிக்சல் நகர்கிறது என்றும், ஒவ்வொரு ஃபிரேமும் 5 முறை நீடிக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், ஊன்றிய பாதம் அடுத்த ஃபிரேமில் 10 பிக்சல் பின்னே இருக்க வேண்டும். எட்டு ஃபிரேம்கள் முடிய ஒரு நொடியில் மூன்றில் இரண்டு பங்கு ஆகிறது. கடந்த தூரம் 80 பிக்சல், மேற்கண்ட கணக்கில் 4 மீட்டர். நொடிக்கு 6 மீட்டர் என்பது நன்றாக ஓடும் மனிதரின் வேகமே. இந்தக் கணக்கைப் போடாமல் அழகான சுழற்சியை வரைந்து வீடியோ விளையாட்டின் நிரலாளரிடம் ஒப்படைத்துவிட்டு, பனிக்கட்டிமேல் ஓடுகிறதே என்று பின்னர் வருந்துவது இத்துறையில் வாடிக்கை.

கடுமையான வரம்புக்குள் பிறந்த ஓட்டங்களில் வீடியோ விளையாட்டு நாயகன் மாரியோவினுடையது முதன்மையானது. 1981இல் வெளிவந்த டாங்கி காங் விளையாட்டுக்காக அதன் வடிவமைப்பாளர் ஷிகேரு மியாமோட்டோ அவ்வுருவத்தை வடிவமைத்தபோது, தலைமுடியை வரைய இடமில்லாததால் தொப்பியும், வாயை வரைய இடமில்லாததால் மீசையும், வீசும் கைகள் உடம்பிலிருந்து வேறுபட்டுத் தெரியவேண்டும் என்பதால் தோள்பட்டைக் கால்சட்டையும் அமைந்தன. கடைசியாகச் சொன்னது ஆடை அலங்காரம் போலத் தோன்றினாலும் அது முழுக்க முழுக்க ஓட்டத்துக்கான ஏற்பாடு. 1985இன் சூப்பர் மாரியோ பிரதர்ஸில், அசையும் உருவங்கள் அனைத்துக்கும் சேர்த்துக் கிடைத்த இடம் 8×8 பிக்சல் கொண்ட 256 சிறு சதுரங்கள். ஓர் உருவத்துக்கு மூன்று நிறங்கள். 16×16 சதுரத்துக்குள் அடங்கும் சிறிய மாரியோவின் ஓட்டத்துக்கு ஒதுக்கப்பட்டவை மூன்றே படங்கள். இடப்பக்கம் ஓட அதே படங்களை இயந்திரம் கண்ணாடிபோல் திருப்பிக்கொள்கிறது. வேகம் கூடினால் அதே படங்கள் விரைந்து மாறுகின்றன. ஓட்டத்தின் நடுவே திசையை மாற்றினால் மட்டும் உடலைச் சரித்துப் பிரேக் பிடிக்கும் தனிப்படம் ஒன்று தலைகாட்டுகிறது. மூன்று படங்கள் உயிரோடிருப்பதற்கு அந்த நான்காவது படம் பெருங்காரணம் எனலாம்.

இதற்கு நேர் எதிரான பாதையில் சென்றவர் விளையாட்டு வடிவமைப்பாளர் ஜோர்டான் மெக்னர். 1985இல் தம் தம்பி டேவிட்டை வெள்ளை உடையில் ஓடவும் தாவவும் செய்து விஹெச்எஸ் வீடியோ கேமராவில் பதிவுசெய்த அவர், அப்பதிவைத் தொலைக்காட்சியில் படம் படமாக நிறுத்திப் புகைப்படமெடுத்து, கறுப்பு மார்க்கராலும் வெள்ளைத் திருத்த மையாலும் உருவத்தின் வெளிவடிவத்தைப் பிரித்தெடுத்து, ஆப்பிள் II கணினிக்குள் ஏற்றினார். அசையும் படத்தின்மேல் வரையும் இம்முறை ரோட்டோஸ்கோப் எனப்படும். அனிமேஷன் கலைஞர் மாக்ஸ் ஃப்ளைஷர் அதற்கு 1917இல் காப்புரிமை பெற்றிருந்தார். 1989இல் மெக்னரின் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா விளையாட்டு வெளிவந்தபோது, அதன் நாயகனான ஒல்லியான இளவரசன் ஓடத் தொடங்கும் முன் உடலைத் தள்ளுவதையும், நிற்குமுன் தடுமாறுவதையும் கண்டோர் வியந்தனர். ஆனால் நினைவகத்தை அந்தப் படங்கள் விழுங்கிவிட்டதால், எதிரிக்கென்று தனி உருவம் வரைய இடமின்றி, இளவரசனின் படங்களையே ஒரு பிக்சல் தள்ளி அவற்றோடேயே கலந்து நிழல்மனிதன் ஒருவனை உருவாக்க நேர்ந்தது; விளையாட்டின் மறக்கமுடியாத பாத்திரமாக அவனே அமைந்தது தனிச் சுவை.

மெக்னரின் உண்மைத்தன்மைக்கு இன்னொரு விலையும் உண்டு. மாரியோ பொத்தானை அழுத்திய கணமே அசைகிறான். இளவரசனோ ஓடத் தொடங்கவும் நிற்கவும் தனக்குரிய படங்களை முடித்தாக வேண்டும். பள்ளத்தின் விளிம்பில் இது உயிருக்கே உலை வைக்கும் என்பதால், ஒவ்வோர் அடியாக எச்சரிக்கையுடன் எடுத்துவைக்கும் தனி அசைவு அவ்விளையாட்டில் சேர்க்கப்பட்டிருக்கிறது. மூன்று படம் சிறந்ததா, முப்பது படம் சிறந்ததா என்னும் கேள்விக்கு வரைபலகை விடை தராது. ஆடுபவரின் விரல் எவ்வளவு காத்திருக்கும் என்பதே விடை தரும்.

நினைவகம் இன்று ஒரு தடையே அன்று. ஏஸ்பிரைட் போன்ற மென்பொருளில், முந்தைய ஃபிரேமை மங்கலாக அடியில் காட்டும் ஆனியன் ஸ்கின் வசதியோடு, நூறு ஃபிரேம்கள்கூட வரையலாம். ஆயினும் ஃபிரேம்கள் பெருகப் பெருக, பட்டன், கண், இடுப்புப்பட்டை ஆகியவை படத்துக்குப் படம் ஒரு பிக்சல் இங்குமங்கும் தாவி உருவம் கொதிப்பது போலாகிவிடும் ஆபத்தும் பெருகுகிறது. அனுபவமுள்ளோர் ஓட்டத்தை ஆறு அல்லது எட்டுப் படங்களில் நிறுத்திக்கொண்டு, எஞ்சிய உழைப்பை உடலுக்குப் பின்னே சற்றுத் தாமதித்து வரும் கூந்தல், துண்டு, மேலங்கி ஆகியவற்றில் செலவிடுவது இதனால்தான். 2018இல் வெளிவந்த செலெஸ்ட் விளையாட்டு இன்னும் ஒரு படி சென்றது: 320×180 பிக்சல் கொண்ட அதன் உலகில் மேடலின் என்னும் பெண்ணின் உடல் கையால் வரையப்பட்டது, அவளது கூந்தலோ, ஒன்றையொன்று பின்தொடரும் சிறு வட்டங்களாக நிரலால் அந்தந்தக் கணத்தில் வரையப்படுகிறது. காற்றில் பாய்ந்து செல்லும் வாய்ப்பை அவள் செலவழித்துவிட்டால் கூந்தல் சிவப்பிலிருந்து நீலமாகிவிடும். அவ்வாய்ப்பு மீண்டும் கிடைத்ததும் பழைய நிறத்துக்குத் திரும்பும்.