அப்பாவின் அலமாரியும் 17-ம் நம்பர் கேசட்டும்

போகிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு வாசலில் மூன்று அட்டைப்பெட்டிகள் இருந்தன. உள்ளே அப்பாவின் சொத்து. 31 வீடியோ கேசட், 140 விசிடி, 62 டிவிடி, கூடவே அட்டை கிழிந்த ஒரு நோட்டு.

"ஏங்க, பழைய பேப்பர்காரர் வந்திருக்காரு. இந்தத் தடவையாவது மனசு வைங்க" என்றார் அம்மா.

பேப்பர்காரர் பெட்டியைத் திறந்து பார்த்தார். "அக்கா, இதுக்கெல்லாம் எடை கிடையாது. அட்டைப்பெட்டியை வேணா எடுத்துக்குறேன்" என்றார்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். மறுபடியும் அலமாரியில் அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

பொங்கல் லீவுக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த நான் அம்மா கட்சி. ஒவ்வொரு வாரமும் 'ஓடிடியில் என்ன பார்க்கலாம்' என்று லிஸ்ட் போடுவது என் வேலைகளில் ஒன்று. "அப்பா, இதுல இருக்குற படமெல்லாம் போன்லயே இருக்குப்பா" என்றேன். நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படமாகத் தேடிக் காட்டினேன். முக்கால்வாசி கிடைத்தது. நான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

நோட்டில் ஒரு வீடு

தேடத் தேட, படங்களைவிட அந்த நோட்டுதான் சுவாரஸ்யமாக இருந்தது. நம்பர், படத்தின் பெயர், எத்தனை நிமிஷம், டிவியில் எந்தத் தேதி பதிவு செய்தது என எல்லாம் அப்பாவின் அச்சுப் போன்ற கையெழுத்தில். கடைசிப் பக்கத்தில் இரவல் கணக்கு. 'மாடி வீட்டு சார் - 12, 13. திரும்பவில்லை' என்று சிவப்பு மையில் இருந்தது. மாடி வீட்டு சார் வீடு மாறிப்போய் இருபது வருஷம் ஆகிறது. அப்பா இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது பத்து வயதில் இருப்பவர்களுக்காக ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். விஹெச்எஸ் என்கிற வீடியோ கேசட்டை ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் 1976-ல் அறிமுகப்படுத்தியது. நம் ஊரில் அதிகம் புழங்கிய இ-180 கேசட்டில் மூன்று மணி நேரம் பதிவு செய்யலாம். 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்த பிறகு, பண்டிகை நாளில் டிவியில் போடும் படத்தைக் கேசட்டில் பிடிப்பது அப்பாவின் முக்கியப் பொழுதுபோக்கு. விளம்பரம் வந்தால் பாஸ் பட்டன், முடிந்ததும் மறுபடி ரெக்கார்ட். அப்பா ரிமோட்டோடு உட்கார்ந்திருந்தால் வீட்டில் யாரும் குறுக்கே போகக் கூடாது.

பிறகு விசிடி வந்தது. ஒரு டிஸ்க்கில் ஒன்றேகால் மணி நேரம்தான் கொள்ளும் என்பதால் ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு, சில படங்களுக்கு மூன்று டிஸ்க். நான் சிறுமியாக இருந்தபோது டிஸ்க் மாற்றும் நேரம்தான் எங்கள் வீட்டு இடைவேளை. முறுக்கு அப்போதுதான் வரும். 2007 வாக்கில் மோசர் பேர் நிறுவனம் ஒரிஜினல் விசிடியை 28 ரூபாய்க்கும், டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்க ஆரம்பித்தது. அதன்பிறகு அப்பா சம்பள நாளில் வெறுங்கையோடு வந்ததே இல்லை என்பார் அம்மா.

இதையெல்லாம் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் 17-ம் நம்பர் வரி கண்ணில் பட்டது. 'தங்கச்சி கல்யாணம் - 2' என்று எழுதி, அடித்து, மேலே ஒரு ரஜினி படத்தின் பெயர். தேதி, 1998 தீபாவளி.

"இது என்னப்பா?" என்றேன். அப்பா நோட்டை வாங்கி மூடி வைத்துவிட்டார்.

ஒரு செலோடேப் துண்டு

அன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு அவராகவே சொன்னார்.

1994-ல் என் அத்தை கல்யாணம். வீடியோ இரண்டு கேசட். முதலாவதில் தாலி கட்டு, இரண்டாவதில் வரவேற்பும் பந்தியும். 1997-ல் தாத்தா இறந்துபோனார். அடுத்த வருஷம் தீபாவளி அன்று டிவியில் படம். வீட்டில் புதுக் கேசட் இல்லை, கடையும் அடைத்திருந்தது.

வீடியோ கேசட்டின் முதுகு ஓரத்தில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதையும் பதிவு செய்ய முடியாது. கல்யாணக் கேசட்டில் வீடியோக்காரர் அதை உடைத்துத்தான் கொடுத்திருந்தார். அந்த ஓட்டையில் ஒரு செலோடேப் துண்டை ஒட்டினால் போதும், மெஷின் ஏமாந்து ரெக்கார்ட் செய்துவிடும். அப்பா ஒட்டினார். அத்தை வீட்டில் இன்னொரு செட் இருக்கிறதே என்ற தைரியம். அத்தை வீட்டுக் கேசட்டில் ஏற்கெனவே பூஞ்சை பிடித்துப்போயிருந்தது அவருக்குத் தெரியாது.

"அடுத்த மாசம் அப்பத்தா, 'உங்கப்பாவைப் பாக்கணும்டா, அந்தக் கேசட்டைப் போடு'ன்னாங்க. மெஷின் ரிப்பேருன்னு சொல்லிட்டேன். அப்புறம் நிஜமாவே ரிப்பேராயிடுச்சு" என்றார் அப்பா.

அலமாரியை ஏன் விட மாட்டேன் என்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. 17-ஐ மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொள்ள அவருக்கு முடியவில்லை. அதனால் எல்லாவற்றையும் வைத்திருந்தார்.

நான் 2000-ல் பிறந்தவள். தாத்தாவை போட்டோவில்தான் தெரியும். முதல் கேசட்டில் அவர் இருக்கிறார். ஆனால் கல்யாண வீடியோக்காரர்கள் வழக்கப்படி முழுக்க சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பியிருந்தார்கள். வாய் அசையும், குரல் வராது.

படம் முடிந்த பிறகு

வீடியோ கேசட் பிளேயரை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016-ல் நிறுத்திவிட்டது. ஊரில் விசாரித்ததில், கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு அண்ணன் பழைய டெக் ஒன்றைப் பராமரித்து வைத்திருப்பது தெரிந்தது. 17-ஐயும் சேர்த்து ஐந்து கேசட்டுகளைக் கொண்டுபோனேன்.

"மேல ரெக்கார்ட் பண்ணிட்டா பழசு போனது போனதுதான் பாப்பா. திரும்ப எடுக்க முடியாது" என்றார். சொல்லிவிட்டு, "படம் எவ்வளவு நேரம்?" என்று கேட்டார். நோட்டைப் பார்த்தேன். 2 மணி 38 நிமிஷம்.

"கேசட் மூணு மணி நேரம். கல்யாணக் கேசட்டை முழுசா நிரப்பித்தான் குடுப்போம். முடிவு வரைக்கும் ஓட்டிப் பாத்தீங்களா?"

யாரும் பார்த்ததில்லை. 'வணக்கம்' போட்டதும் அப்பா ஸ்டாப் செய்து ரீவைண்ட் செய்துவிடுவார். அதுதான் ஒழுங்கு.

ஓட்டினோம். படம் முடிந்தது. திரையில் சில நொடி கோடுகளும் புள்ளிகளும். பிறகு சட்டென்று ஒரு கல்யாண மண்டபம். வரிசையாக வாழை இலை. வீடியோக்காரர் பந்தியில் பாட்டுப் போடாமல் விட்டிருந்தார். பாத்திரச் சத்தம், குழந்தை அழும் சத்தம். தோளில் துண்டோடு ஒருவர் இலைகளுக்கு நடுவே நடந்து வந்து, கேமராவைக் கவனிக்காமல் யாரையோ அதட்டுகிறார்.

"டேய், கடைசி எலைக்கு ரசம் போகலை பாரு!"

தாத்தா. அதுதான் நான் கேட்ட முதல் வார்த்தை. மொத்தம் 22 நிமிஷம் மிச்சமிருந்தது.

வீட்டுக்கு வந்து டிவியில் போட்டுக் காட்டினேன். அப்பத்தாவுக்கு இப்போது 84 வயது. அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "திரும்பப் போடு" என்றார். நாலு தடவை பார்த்தார். பிறகு, "பசியோட நிக்கிறாரு. அன்னிக்கு கடைசிப் பந்தியிலதான் உக்காந்தாரு" என்றார். அழுதது அப்பாதான்.

பிபிசியும் செய்த தப்பு

அப்பாவைத் தேற்ற எனக்குத் தெரிந்த ஒரு கதையைச் சொன்னேன். பிரிட்டனின் பிபிசி, 'டாக்டர் ஹூ' என்ற புகழ்பெற்ற தொடரின் பழைய டேப்புகளை 1960, 70-களில் அழித்து, மறுபடி வேறு நிகழ்ச்சிகளுக்குப் பயன்படுத்தியது. ஒரு காரணம், டேப் விலை அதிகம். இன்றும் 90-க்கும் மேற்பட்ட எபிசோடுகளுக்குப் படம் இல்லை. ஆனால் அத்தனைக்கும் ஒலி இருக்கிறது. ரசிகர்கள் வீட்டில் டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பிடித்துவைத்த ஒலி அது.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் மரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி, 1970-களின் கடைசியிலிருந்து 2012-ல் இறக்கும் வரை டிவி செய்திகளை இரவு பகலாகப் பதிவு செய்தார். சுமார் 70,000 கேசட். அந்தத் தொகுப்பு பிறகு இன்டர்நெட் ஆர்கைவ் அமைப்பிடம் போய்ச் சேர்ந்தது.

நம் பக்கம் வந்தால், 1931-ல் வெளியான முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்'. அதன் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. யாரோ வைத்திருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்தால், கடைசியில் யாரிடமும் இருக்காது.

நாம் காசு கட்டிப் பார்க்கும் ஓடிடியும் அப்படித்தான். உரிமம் முடிந்தால் படம் போய்விடும். போன வருஷம் நானே எழுதிய லிஸ்ட்டைத் திறந்து பார்த்தேன். சில படங்கள் அந்தத் தளத்தில் இப்போது இல்லை. அப்பாவின் அலமாரியில் இருக்கின்றன.

உங்கள் பரணில் என்ன இருக்கிறது?

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது, தேவையும் இல்லை. நாங்கள் மூன்றாகப் பிரித்தோம்.

1. உங்களிடம் மட்டுமே இருப்பவை: கல்யாணம், காதுகுத்து, பள்ளி ஆண்டு விழா. இவற்றுக்குத்தான் முதல் இடம். கேசட்டைக் கணினிக்கு மாற்றும்போது மூன்று மணி நேரக் கேசட் மூன்று மணி நேரம் ஓடியே ஆக வேண்டும். அவசரத்துக்கு வழியில்லை.

2. டிவியிலிருந்து பதிவு செய்தவை: படம் எங்கும் கிடைக்கலாம். ஆனால் நடுவே வந்த செய்தி, அறிவிப்பாளர், விளம்பரம் கிடைக்காது. ஒரு கேசட்டில் அப்பா தூங்கிவிட்டதால் விளம்பரங்கள் அப்படியே பதிவாகிவிட்டன. வீட்டில் எல்லோரும் ரசித்துப் பார்த்தது அதைத்தான்.

3. கடையில் வாங்கிய விசிடி, டிவிடி: நன்றாக ஓடுவதை வைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்ததற்கு விடை கொடுங்கள். ஆனால் வீட்டில் ரைட் செய்த டிஸ்க் கடை டிஸ்க்கைவிடச் சீக்கிரம் கெட்டுப்போகலாம். அதில் குடும்பப் படம் இருந்தால் உடனே நகல் எடுங்கள்.

வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்த கேசட்டைப் பிளேயரில் போடாதீர்கள். கேசட்டும் போகும், பிளேயரின் ஹெட்டும் போகும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கேசட்டைப் படுக்கப் போடாமல், புத்தகம் போல நிறுத்தி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். மாற்றிய வீடியோவை ஒரே பென் டிரைவில் விட்டுவிடாமல் இரண்டு இடத்தில் வையுங்கள். குப்பைக்கு எது போனாலும் போகட்டும், போகி நெருப்புக்கு மட்டும் வேண்டாம். அது பிளாஸ்டிக் புகை.

முக்கியமாக, படம் முடிந்த பிறகும் ஓட விடுங்கள். கடைசி வரை.

நான் சென்னைக்குக் கிளம்பிய அன்று அப்பா 17-ஐக் கையில் வைத்து எதையோ சுரண்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். முதுகு ஓரத்தில் மஞ்சளாகிப்போன அந்தச் செலோடேப் துண்டு. நகத்தால் மெல்ல உரித்து எடுத்தார். இனி அதன்மேல் பதிவு செய்ய வீட்டில் மெஷினே இல்லை. இருந்தாலும் எடுத்தார்.

நோட்டில் இப்போது 17-க்கு நேராக ரஜினி படத்துக்குப் பக்கத்தில் 'அப்பா - 22 நிமிஷம்' என்று இருக்கிறது. அலமாரியைத் தூசி தட்டுவது அம்மா.